‘ஒலிம்பியா’வுக்குப் பணம் கொடுத்தது யார்?

சென்ற இதழில் லெனி ரீஃபென்ஷ்டாலின் ‘ஒலிம்பியா’ பற்றி வெளிவந்த கட்டுரைக்கு இது எதிர்வினை. கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இதுதான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பதிவுசெய்த அந்த ஆவணப்படம் தூய கலை. அதை எடுத்தவர் எவருக்கும் கட்டுப்படாத கலைஞர். படத்தில் அரசியல் கிடையாது. பின்னால் வந்தவர்கள்தான் தேடித் தேடித் திணித்தார்கள். ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பின வீரரை அத்தனை அழகாகக் காட்டியவரை நாஜிகளின் கையாள் என்பது அபாண்டம். இவற்றில் ஒன்றுகூட நிற்காது. சில வாதங்கள் பொய் என்று ஆவணத்தோடு நிரூபணமாகி ஐம்பதாண்டுகள் கடந்துவிட்டன. அவற்றை இன்று புதிய கண்டுபிடிப்புபோலத் தமிழ் வாசகர்முன் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பணம். ரீஃபென்ஷ்டால் தன் சொந்த நிறுவனத்தின் மூலம், ஒலிம்பிக் அமைப்பாளர்களின் விருப்பப்படி, டோபிஸ் என்ற விநியோக நிறுவனத்தின் முன்பணத்தில் படத்தை எடுத்தார் என்கிறது கட்டுரை. போர் முடிந்தபிறகு விசாரணைகளில் அவர் சொன்ன கதை அது. 1987இல் வெளியான தன்வரலாற்றிலும் அதையே எழுதினார். நூறு வயதைத் தாண்டி 2003இல் இறக்கும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். சரிபார்க்க முயன்ற தடயம் கட்டுரையில் எங்கும் தென்படவில்லை.

சரிபார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பார்க்ஹவுசன் 1974இலேயே அரசுக் கோப்புகளை எடுத்து வெளியிட்டுவிட்டார். 1935 டிசம்பரில் ‘ஒலிம்பியா ஃபிலிம்’ என்ற நிறுவனம் தொடங்கப்படுகிறது. பங்குதாரர்கள் இரண்டே பேர்: லெனியும் அவருடைய சகோதரர் ஹைன்ஸும். கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம் 1936 ஜனவரியில் பெர்லின் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. நிறுவனம் அரசின் ஏற்பாட்டில், அரசின் பணத்தில் தொடங்கப்பட்டது என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. அரசே தயாரிப்பாளராக வெளியே தெரிவதை விரும்பவில்லை, அதனால்தான் இப்படி ஒரு நிறுவனம் தேவைப்பட்டது என்ற விளக்கமும் அதிலேயே உண்டு. ஒப்பந்தத் தொகை 15 லட்சம் ரைஷ்மார்க். அதில் ரீஃபென்ஷ்டாலின் ஊதியம் 2,50,000. பிறகு அதுவும் உயர்த்தப்பட்டது. 1935 ஆகஸ்ட்டிலேயே இந்த 15 லட்சம் கோயபல்ஸின் நாட்குறிப்பில் ஏறிவிட்டது. நிறுவனம் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பே பணம் கொடுக்க முடிவாகிவிட்டது என்று பொருள்.

பினாமி என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சொத்து ஒருவருடையது, பத்திரத்தில் பெயர் இன்னொருவருடையது. ‘ஒலிம்பியா’ நாஜி அரசின் சொத்து. பத்திரத்தில் இருந்தது லெனியின் பெயர். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘சுதந்திரக் கலைஞர்’ என்று எழுதுவது பொறுப்பின்மை. தெரிந்துகொண்டு எழுதியிருந்தால் அது வாசகருக்குச் செய்த துரோகம்.

கோயபல்ஸுக்கும் ரீஃபென்ஷ்டாலுக்கும் ஆகவே ஆகாது, கோயபல்ஸின் குடைச்சலுக்கு நடுவில்தான் படமே முடிந்தது என்று கட்டுரையாளர் உருகுகிறார். சண்டை நடந்தது உண்மைதான். 1936 இலையுதிர்காலத்தில் பிரச்சார அமைச்சகத்தின் தணிக்கையாளர்கள் படக்குழுவின் கணக்குகளைச் சோதித்தார்கள், பணம் தாறுமாறாகச் செலவாகியிருப்பதாகக் குறை சொன்னார்கள். ரீஃபென்ஷ்டால் மேலும் ஐந்து லட்சம் கேட்டு கோயபல்ஸ் முன்னால் அழுதார். கோயபல்ஸ் எரிச்சலோடு அதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இதிலிருந்து கட்டுரையாளர் எப்படி எதிர்ப்பைக் கண்டெடுக்கிறார்? ஓர் அமைச்சகம் யாருடைய கணக்கைத் தணிக்கை செய்யும்? தான் பணம் கொடுத்தவரின் கணக்கைத்தானே! முதலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் செலவுப் பட்டியலில் வந்த தகராறு அது. ஒடுக்கப்பட்ட கலைஞரின் துயரக் கதை அதில் எங்கே இருக்கிறது?

கட்சி உறுப்பினர் அட்டை அவரிடம் இல்லை என்பதும் ஒரு வாதமாம். இல்லைதான். 1933இல் ‘நம்பிக்கையின் வெற்றி’, 1935இல் ‘மன உறுதியின் வெற்றி’, அதே ஆண்டு ராணுவத்தைப் பற்றி ‘விடுதலை நாள்’ என்று ‘ஒலிம்பியா’வுக்கு முன்பே நியூரம்பர்க் மாநாடுகளை மூன்று படங்களாக எடுத்தவருக்கு அட்டை எதற்கு?

இனி ஓவன்ஸ். இந்தப் படத்தைக் காப்பாற்ற வருகிற ஒவ்வொருவரும் கடைசியில் ஓவன்ஸைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஓவன்ஸ் 1936 ஆகஸ்ட்டில் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். படம் அவரை மரியாதையோடு காட்டுகிறது. தொடக்கக் கோட்டில் குனிந்திருக்கும் அவர் முகத்தின் அண்மைக் காட்சி உலக சினிமாவின் மிகச் சிறந்த விளையாட்டுப் படிமங்களில் ஒன்று. ஜெர்மானியரான லுட்ஸ் லாங்கோடு அவர் மோதிய நீளம் தாண்டுதல் காட்சியில் இன்றைக்கும் நம் மூச்சு நிற்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கேள்வி வேறு. இந்தக் காட்சிகள் நாஜி அரசின் விருப்பத்துக்கு எதிராக வந்தனவா?

வரவில்லை. போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாட்களில் கறுப்பின வீரர்களை இழிவுபடுத்தி எழுதக் கூடாது, முடிவுகளை இனக் கண்ணோட்டத்தில் பேசக் கூடாது என்று பிரச்சார அமைச்சகமே ஜெர்மன் பத்திரிகைகளுக்கு உத்தரவு போட்டிருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது வசவை அடக்கிக்கொள்ளச் சொன்ன உத்தரவு அது. யூத எதிர்ப்புப் பலகைகள் பெர்லின் தெருக்களிலிருந்து கழற்றப்பட்டன. ‘டெர் ஷ்டூர்மர்’ என்ற வெறுப்புப் பத்திரிகை கடைகளின் முகப்பிலிருந்து மறைக்கப்பட்டது. 1936இல் அந்த அரசு உலகத்துக்கு விற்க நினைத்தது வெறுப்பை அல்ல. நாங்கள் நாகரிகமானவர்கள், சமாதானம் விரும்புபவர்கள், எங்கள் அரங்கில் எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்ற முகத்தை விற்க நினைத்தது. அந்த விற்பனைக்கு ஓவன்ஸின் புன்னகையைவிடப் பொருத்தமான சான்று எது? ஓவன்ஸைக் காட்டியதால் படம் பிரச்சாரத்திலிருந்து தப்பவில்லை. பிரச்சாரத்துக்கு அப்போது தேவைப்பட்டதே அதுதான்.

படத்தில் இனம் பேசப்படவே இல்லை என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். ஜெர்மன் மூலப் பிரதியில் 800 மீட்டர் ஓட்டத்துக்கு வரும் வர்ணனையைக் கேட்டிருக்கிறாரா? அமெரிக்காவின் ஜான் உட்ரஃபும் கனடாவின் ஃபில் எட்வர்ட்ஸும் ஓடுகிறார்கள். வெள்ளை இனத்தின் வலிமையான வீரர்களுக்கு எதிராக இரண்டு கறுப்பு ஓட்டக்காரர்கள் என்ற பொருளில் வர்ணனையாளர் பேசுகிறார். உட்ரஃபின் நாடு அமெரிக்கா, எட்வர்ட்ஸின் நாடு கனடா. இருவரையும் ஒரே அணியாக்கியது அவர்களுடைய தோல். மற்ற எல்லா நாட்டவரையும் எதிரணியாக்கியதும் தோல்தான். இது படத்துக்குள் ஒலிக்கும் குரல். பின்னால் வந்த யாரும் திணித்ததல்ல. அயல்நாட்டுக்கெனத் தயாரான பிரதிகளை மட்டும் பார்த்துவிட்டு ஜெர்மானியருக்கு என்ன சொல்லப்பட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

ஓவன்ஸின் சொந்த நாட்டில் மட்டும் நிறவெறி இல்லையா என்ற கேள்வியும் கட்டுரையில் இருக்கிறது. இருந்தது, கொடூரமாக இருந்தது. பெர்லினிலேயே அதன் இன்னொரு வடிவம் அரங்கேறியது. அமெரிக்கத் தொடர் ஓட்ட அணியிலிருந்த மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்ற இரண்டு யூத வீரர்கள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார்கள். ஓவன்ஸும் ரால்ஃப் மெட்காஃபும் அவர்கள் இடத்தில் ஓடினார்கள். ஓவன்ஸின் நான்காவது தங்கம் அப்படி வந்தது. இது அமெரிக்க அதிகாரிகள்மீது விழுகிற குற்றச்சாட்டு. இதை வைத்து ரீஃபென்ஷ்டாலை விடுவிக்க முடியாது. ஒரு வீட்டில் நடந்த கொலைக்குப் பக்கத்து வீட்டுக் களவைச் சாட்சிக்கு அழைப்பது வாதமாகாது.

அடுத்தது அழகு. இந்த இடத்தில் கட்டுரையாளருக்கு நிறையப் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஓடுதளத்தின் ஓரத்தில் குழி தோண்டிக் கேமராவை உள்ளே இறக்கி, தாண்டும் உடல்களை வானத்தின் பின்னணியில் பிடித்தார்கள். சிறிய கேமராக்களைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஹான்ஸ் எர்ட்ல் நீச்சல்குளத்தில் நீருக்கடியில் இயங்கும் கேமராவோடு குதித்து, பாயும் வீரர்களைப் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளத்துக்குப் படச்சுருள் ஓடியது. அதிலிருந்து இரண்டு பாகங்களைச் செதுக்கி எடுக்க ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆனது. இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் விளையாட்டு ஒளிபரப்பின் கோணங்கள் பலவும் இங்கிருந்து வந்தவை. கோல் ஊன்றித் தாண்டும் போட்டி இருட்டில் முடிந்ததால் அடுத்த நாள் வீரர்களை அழைத்து மறுபடியும் தாண்டச் சொல்லிப் படம்பிடித்தார்கள். அதைக்கூட நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அக்காலப் படச்சுருளின் திறன் அவ்வளவுதான்.

ஆனால் இந்த அழகு எதைச் சொல்கிறது என்று கேட்கக் கூடாது என்கிறாரே, அங்கேதான் பிரிகிறேன். படம் கிரேக்க இடிபாடுகளில் தொடங்குகிறது. பனிமூட்டத்தில் தூண்கள், சிலைகள். மைரோனின் வட்டெறிபவன் சிலை மெல்லக் கரைந்து, தசை திரண்ட உயிருள்ள ஜெர்மன் வீரனாக மாறுகிறது. அந்த வீரர் எர்வின் ஹூபர், ஜெர்மனியின் டெகாத்லான் போட்டியாளர். பிறகு தீ, தீப்பந்தம், ஓட்டம், வரைபடத்தில் கிரீஸிலிருந்து பல்கேரியா, யூகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா வழியே பெர்லின். பழைய கிரேக்கத்தின் நேர் வாரிசு இன்றைய ஜெர்மனி என்ற செய்தியை ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லி முடிக்கிறது அந்தக் காட்சித் தொடர். தீப்பந்தத் தொடர் ஓட்டம் தொன்மையான சடங்கு அல்ல. 1936 போட்டிகளுக்காக அதன் அமைப்புச் செயலாளர் கார்ல் டீம் உருவாக்கியது. பந்தங்களைச் செய்து கொடுத்தது பீரங்கி செய்யும் க்ரூப் நிறுவனம். வரைபடத்தில் தீ கடந்து வந்த ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பத்தாண்டு முடிவதற்குள் ஜெர்மன் படை நுழைந்தது. அந்த வட்டெறிபவன் சிலையின் பளிங்குப் பிரதி ஒன்றை, படம் வெளியான 1938ஆம் ஆண்டிலேயே ஹிட்லர் இத்தாலியிலிருந்து விலைக்கு வாங்கி மியூனிக்கில் காட்சிக்கு வைத்தார். படத்தின் முன்னுரை என்ன சொன்னது என்று அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

அந்த முன்னுரையைப் படம்பிடித்தவர் வில்லி சீல்கே. பெயரைக்கூடக் கட்டுரையாளர் குறிப்பிடவில்லை. அசாதாரணமான ஒளிப்பதிவாளர். குறையற்ற உடலைத் தெய்வமாக்கிய அந்த நிழலும் ஒளியும் அவருடையவை. 1937இல் அவர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். பரம்பரை நோயாளிகள் பிள்ளை பெறக் கூடாது என்று 1933இல் நாஜிகள் போட்ட சட்டத்தின்படி அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. எந்த அரசுக்காக உடலின் பூரணத்தைப் படமாக்கினாரோ, அதே அரசு அவர் உடலைக் குறையுள்ளது என்று முத்திரை குத்தி அறுத்தது. உடலை வழிபடும் ஓர் அரசியலில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் சீல்கேயின் கதைக்குப் பதில் சொல்லட்டும்.

மாரத்தான் காட்சி படத்தின் உச்சம் என்கிறார் கட்டுரையாளர். ஒப்புக்கொள்கிறேன். வென்றவர் ஜப்பானியர் என்று அவரும் எழுதியிருக்கிறார், படம் சொல்கிறபடியே. வென்றவர் கொரியர். சோன் கீ-சுங் என்பது அவர் பெயர். ஜப்பானின் காலனியாக இருந்த நாட்டிலிருந்து வந்ததால் ஜப்பானியச் சட்டையில், சோன் கிட்டெய் என்ற ஜப்பானிய உச்சரிப்பில் ஓட வேண்டியிருந்தது. 2 மணி 29 நிமிடம் 19 விநாடியில் ஓடி முடித்துவிட்டு, மேடையில் ஜப்பானியக் கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து, பரிசாகக் கிடைத்த ஓக் கன்றால் நெஞ்சிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியரே. சோனின் புகைப்படத்தில் ஜப்பானியக் கொடியை அழித்து அச்சிட்டதற்காக ‘டோங்-ஆ இல்போ’ நாளிதழ் முடக்கப்பட்டது, ஊழியர்கள் சிறைப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நாமும் அடிமை நாடுதான். அதே பெர்லினில் ஜெர்மனியை 8–1 என வென்ற ஹாக்கி இறுதிப் போட்டிக்கு முன், உடைமாற்றும் அறையில் இந்திய வீரர்கள் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை ரகசியமாக வணங்கிவிட்டுக் களமிறங்கினார்கள். ‘அரசியல் இல்லாத’ படத்தில் இவை எதற்கும் இடமில்லை. ஆளும் நாட்டின் கொடி மட்டும் பறந்தால் நம் கட்டுரையாளருக்கு அது அரசியலாகத் தெரிவதில்லை. அடிமைப்பட்டவர் தலை குனிந்ததைச் சொன்னால் மட்டும் அரசியலாகிவிடுகிறது.

பின்னறிவை வைத்துக்கொண்டு அன்றைய மனிதர்களைத் தீர்ப்பிடக் கூடாது, 1936இல் யாருக்கு என்ன தெரியும் என்றும் கேட்கிறார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெர்லினைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இயக்கமே நடந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கத் தடகளச் சம்மேளனத்தில் புறக்கணிப்புத் தீர்மானம் மிகக் குறைந்த வாக்குகளில்தான் தோற்றது. புறக்கணிப்பை ஆதரித்த எர்னஸ்ட் லீ ஜான்கி சர்வதேச ஒலிம்பிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார், அவர் இடம் பெர்லினுக்குப் போகத் துடித்த ஏவரி பிரண்டேஜுக்குக் கிடைத்தது. ஆஸ்திரியாவின் யூத நீச்சல் வீராங்கனைகள் யூடித் டாய்ச், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் மூவரும் போக மாட்டோம் என்று மறுத்தார்கள், அதற்காகத் தடையும் அனுபவித்தார்கள். இளம்பெண்களுக்குப் புரிந்த ஒன்று, ஹிட்லரை நேரில் சந்தித்துப் பேசக்கூடிய இடத்திலிருந்த முப்பத்துநான்கு வயது இயக்குநருக்குப் புரியவில்லை என்பதை யார் நம்புவது?

கிரெட்டல் பெர்க்மான் ஜெர்மனியின் மிகச் சிறந்த உயரம் தாண்டும் வீராங்கனைகளில் ஒருவர், யூதர். 1936 ஜூனில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். பெர்லினில் தங்கத்துக்குத் தேவைப்பட்டதும் அதே 1.60தான். அமெரிக்க அணியின் கப்பல் கிளம்பிய மறுநாள், உங்கள் ஆட்டத்திறன் போதாது என்ற கடிதம் அவருக்கு எழுதப்பட்டது. அமெரிக்கர்கள் வருவது உறுதியாகும்வரை அவரை அணியில் காட்டிக்கொண்டிருந்தார்கள், உறுதியானதும் தூக்கி எறிந்தார்கள். அவர் அந்தப் படத்தில் இல்லை. அங்கே இருந்திருக்க வேண்டியவர் அவர். படத்தில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணி ஓவன்ஸைக் கண்டுபிடித்து மகிழ்கிறவர், யார் இல்லை என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

இல்லாதவர்களைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. இந்த எதிர்வினையை எழுத என்னைத் தூண்டியதே அதுதான்.

1936 ஜூலை 16 அன்று பெர்லின் போலீஸ் நகரெங்கும் சிந்தி, ரோமா இன மக்களைச் சுற்றிவளைத்தது. ஒலிம்பிக் பார்க்க வரும் வெளிநாட்டவர் கண்ணில் அவர்கள் படக் கூடாது. சுமார் 600 பேரை நகர எல்லையில் மார்ட்சான் என்ற இடத்தில், கழிவுநீர் பாயும் வயல்களுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதே கோடையில் நகரத்துக்கு வடக்கே ஒரானியன்பர்க்கில் கைதிகளை வைத்தே சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரீஃபென்ஷ்டாலின் கேமராக்கள் கண்ட சுத்தமான, சிரிக்கும் பெர்லின் இப்படித்தான் தயாரானது.

ஆறு ஆண்டுகள் கழித்து ரீஃபென்ஷ்டால் மார்ட்சான் மக்களைத் தேடினார். ‘டீஃப்லாந்து’ என்ற கதைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பானியக் கிராமத்து மக்களாக நடிக்கக் கறுத்த தலைமுடியும் மாநிறமும் உள்ளவர்கள் வேண்டியிருந்தது. முதலில் சால்ஸ்பர்க் அருகே மாக்ஸ்கிளான் முகாமிலிருந்தும், பிறகு 1942இல் மார்ட்சானிலிருந்தும் சிந்தி, ரோமா மக்களை, குழந்தைகள் உட்பட, படப்பிடிப்புக்குக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் முகாமுக்கே திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் பலர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் அவர்கள் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை, எல்லாரையும் பிறகு பார்த்தேன் என்று ரீஃபென்ஷ்டால் சொல்லிவந்தார். 2002இலும் சொன்னார். ரோமா அமைப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியபிறகே, நூறாவது பிறந்தநாள் வந்த அதே மாதத்தில், இனி அப்படிச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

‘ஒலிம்பியா’வுக்காக அந்த மக்கள் சட்டகத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். ‘டீஃப்லாந்து’க்காகச் சட்டகத்துக்குள் இழுத்துவரப்பட்டார்கள். இரண்டு முறையும் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது அந்த இயக்குநருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. அழகை மட்டுமே கண்டவர் என்று கட்டுரையாளர் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சிக்குள் இருக்கும் கொடூரத்தை அவர் உணரவில்லை.

கட்டுரையின் கடைசி அரண், உலகமே படத்தைக் கொண்டாடியது என்பது. யார் கொண்டாடினார்கள் என்று பார்ப்போம். முதல் காட்சி 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள், அவர் முன்னிலையில். அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் கிடைத்த விருதின் பெயர் முசோலினி கோப்பை. அந்த முடிவு எழுப்பிய கசப்பிலிருந்துதான் கான் திரைப்பட விழாவின் யோசனையே பிறந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் பாராட்டியது உண்மை. ஆனால் அந்தக் குழுவின் நிதானம் எப்படிப்பட்டது? யூத வழிபாட்டிடங்கள் கொளுத்தப்பட்ட 1938 நவம்பர் இரவுக்குப் பிறகும், செக்கோஸ்லோவாக்கியா விழுங்கப்பட்ட பிறகும், 1939 ஜூனில் லண்டனில் கூடி அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கை மறுபடியும் ஜெர்மனிக்கே கொடுத்த குழு அது. படத்தை விற்க ரீஃபென்ஷ்டால் நியூயார்க்கில் இறங்கிய சில நாட்களில்தான் அந்த நவம்பர் இரவு நடந்தது. பத்திரிகையாளர்கள் கேட்டபோது அப்படி எதுவும் நடந்திருக்காது என்றார். ஹாலிவுட்டில் பெரும்பாலான கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. வால்ட் டிஸ்னி வரவேற்றார். கதவை மூடியவர்களுக்குக் கலை தெரியாது என்று கட்டுரையாளர் சொல்லத் தயாரா?

ஒலிம்பிக் படம் என்றாலே இப்படித்தான் இருக்கும், அரசு பணம் கொடுத்தால் வேறென்ன செய்ய முடியும் என்றும் ஓர் இடத்தில் சமாதானம் சொல்கிறார். கோன் இச்சிகாவாவின் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ 1965இல் வெளிவந்தது. அதுவும் அதிகாரபூர்வப் படம்தான். அது எப்படித் தொடங்குகிறது? உதிக்கும் சூரியன், உடனே பழைய கட்டடங்களை இடிக்கும் இரும்புக் குண்டு. போட்டிக்காக நகரம் எதை இழந்தது என்று முதல் நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறார். விடுதலையடைந்து நான்கே ஆண்டுகளான சாட் நாட்டிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவரைப் பின்தொடர்கிறார். பதக்கம் வாங்காத, உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் இளைஞர். மாரத்தானில் அபெபே பிகிலாவின் முகத்தை வியக்கிற அதே கண், சாலையோரத்தில் கால் வலித்து உட்கார்ந்துவிட்டவர்களையும் பார்க்கிறது. தேசத்தின் பெருமை போதவில்லை என்று ஒலிம்பிக் துறை அமைச்சர் கோனோ இச்சிரோ கோபப்பட்டார். இச்சிகாவா தன் படத்துக்காக நின்றார். அரசுப் பணத்தில் எடுத்தாலும் தோற்றவர் பக்கம் கேமராவைத் திருப்ப முடியும் என்பதற்கு அது சான்று. ரீஃபென்ஷ்டால் திருப்பவில்லை, திருப்ப விரும்பியதற்கான அடையாளமும் படத்தில் இல்லை.

‘ஒலிம்பியா’வைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திரைப்படச் சங்கங்கள் காட்டட்டும், ஒளிப்பதிவு பயிலும் மாணவர்கள் சட்டகம் சட்டகமாகப் படிக்கட்டும். ஆனால் காட்டுவதற்கு முன் அந்த ஜனவரிக் கடிதம் எங்கிருந்து, எதற்காக எழுதப்பட்டது என்று பார்வையாளருக்குச் சொல்லுங்கள். மார்ட்சான், சீல்கே, பெர்க்மான், சோன் என்ற பெயர்களைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு படத்தை என்ன செய்வதென்று அவர்களே முடிவுசெய்வார்கள்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ரசனையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ரீஃபென்ஷ்டால் அந்தப் படத்தை நாஜி அரசின் பணமில்லாமல் சுதந்திரமாக எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய். அடுத்த இதழில், உங்கள் பெயரிலேயே, அதைத் திருத்துங்கள்.